வாத்துகள் தின்ற டோஃபு

எட்டாம் கால்வாய்க் குடியிருப்பு,
கபுவாஸ், காளிமந்தான்
9 ஜூன் 1986

அன்பு அக்கா வர்த்தினிக்கு,

தம்பி பைமினின் சலாம். நீயும் மாமாவும் கெடிரியில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். நான் நலம். கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்ததைத் தவிரக் குறையொன்றும் இல்லை.

இங்கே குடியேறுகிறவர்களுக்குச் சொன்னபடியே அரசாங்கம் எல்லாம் கொடுத்துவிட்டது. தூண்கள் மேல் ஒரு மரவீடு, ஐந்து ஏக்கர் நிலம், மண்வெட்டி, கொசுவலை. வரிசையாக ஐம்பது வீடு, எல்லாரும் நம் ஜாவாக்காரர்கள். மற்றவர்கள் நெல் போடப் போகிறார்கள். நான் வந்த இரண்டாம் வாரமே பின்பக்கம் அடுப்பு மூட்டி டோஃபு போட ஆரம்பித்துவிட்டேன். மூன்று தலைமுறையாக டோஃபு போடும் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கிணற்றில் இறைத்து இறைத்து உன் உள்ளங்கை காய்த்துப்போனதே, இங்கே வாசற்படியில் உட்கார்ந்தால் கால் நனையும். அப்படியொரு கால்வாய்.

வியாபாரமும் பரவாயில்லை. ஒரு துண்டுகூட மிஞ்சுவதில்லை. ஒரே வாடிக்கையாளர்தான், ஆனால் மொத்தமாக எடுத்துக்கொள்வார். தினமும் சாயங்காலம் நானே படகில் போய் வாளியோடு கொடுத்துவிட்டு வருகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு சட்டை கொடுத்தனுப்பு. வெள்ளை வேண்டாம். காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நல்லது.

மாமாவின் கையைப் பிடித்து சலாம் சொன்னதாகச் சொல்.

உன் தம்பி,
பைமின்


கெடிரி
30 ஜூன் 1986

தம்பி பைமினுக்கு,

அக்கா சலாம். உன் கடிதம் வந்துச்சு. நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சு சந்தோஷம். மத்ததெல்லாம் பொய்னு தெரிஞ்சும் சந்தோஷம்தான், ஏன்னா உடம்பு சரியில்லாதவன் இவ்வளவு நல்லா புளுகமாட்டான்.

எந்த ஊர்லடா டோஃபுவை வாளியில விக்கிறாங்க? எண்ணித்தானே குடுப்போம்? வாளியில போடுறதுன்னா அது உடைஞ்சது. தினம் மொத்தமும் உடைஞ்சா அது டோஃபுவே இல்லை. அந்த வாடிக்கையாளர் யாரு, பல்லில்லாத கிழவரா? காப்பிக்கொட்டை நிறச் சட்டை எதுக்கு? நீ வெள்ளைச் சட்டைக்கு உயிரை விடுறவனாச்சே!

மாமா நல்லா இருக்கார். இப்பல்லாம் வீட்டோடயே இருக்கார். ரேடியோதான் துணை. எந்த நாட்டுல யார் ஜெயிச்சாங்கன்னு கேளு, டக்குனு சொல்வார்.

ஒரு நல்ல சேதி. சர்க்கரை ஆலையில வேலை பாக்குறாரே சஸ்த்ரோ, அவர் பொண்ணு சுலஸ்த்ரியைப் பத்திப் பேச்சு வந்துச்சு. அமைதியான பொண்ணு. உன்னை மாதிரி வாயாடிக்கு அமைதியான பொண்ணுதான் தாங்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துட்டியானா பேசி முடிச்சுடலாம். அப்படியே இங்கயே இருந்துடு. நம்ம டோஃபு ஷெட்டுலயும் ஆள் வேணும்.

உண்மையை எழுது. உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா,
வர்த்தினி


எட்டாம் கால்வாய்
22 ஜூலை 1986

அன்பு அக்காவுக்கு,

சலாம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம், ஆனால் மானம் கொஞ்சம் போயிருக்கிறது.

உண்மை கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். இங்கே தண்ணீர் தேநீர் நிறம். இந்த மண் மண்ணே இல்லை, அக்கா. ஆயிரம் வருஷத்து இலையும் வேரும் மக்கிக் கிடக்கிறது, கோலை விட்டால் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்குகிறது. அதன் சாறுதான் கால்வாயில் ஓடுகிறது. வாயில் வைத்தால் புளிக்கிறது. அதில் சோயாவை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால், பாலைத் திரிக்கும் புளித்த நீரை நான் கையில் எடுப்பதற்குள்ளேயே பால் தானாகத் திரிந்துகொள்கிறது. கட்டி சேர்வதில்லை, கசப்பு வேறு. மழை பெய்தபோது குடிக்க மட்டும் கூரைத் தண்ணீர் பிடித்தோம். ஜூன் நடுவோடு மழை நின்றுவிட்டது.

நம் ஊர் மஞ்சள் டோஃபு போல மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். துருப்பிடித்த தகரம் மாதிரி வந்தது. எங்கள் வீட்டு வரிசையில் ஒருவரும் வாங்கவில்லை.

என் வாடிக்கையாளருக்குப் பல் இல்லைதான். அலகு இருக்கிறது. இருநூறு வாத்து.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஜும்ரா என்று ஒரு பஞ்சார் இனத்துக்காரி வாத்து வளர்க்கிறாள். இந்த ஊர்க்காரி. முதல் நாள் நான் தட்டில் வைத்துக்கொண்டு போனதும் எட்டிப் பார்த்தாள்.

"ஜாவாக்காரரே, வீடு கட்டப் போறீங்களா? செங்கல் நல்லா வெந்திருக்கே."

"இது டோஃபு. கெடிரி டோஃபு."

"அப்படியா! உங்க ஊர்ல இதைத் தின்பாங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் தட்டை அப்படியே அவள் வாத்துகள் நடுவே கவிழ்த்தேன். இரண்டு நிமிஷத்தில் தரையைக்கூட நக்கிவிட்டன. அவள் என்னைப் பார்த்தாள். "நாளைக்கும் கொண்டுவாங்க. வாளிக்கு நாலு முட்டை." இப்படித்தான் வியாபாரம் ஆரம்பித்தது. முட்டை சாப்பிட்டு நான் கொஞ்சம் பெருத்தும் இருக்கிறேன்.

ஆனால் கவலைப்படாதே. ஏதோ ஒரு வழி இருக்கும். கண்டுபிடித்துவிடுவேன். சுலஸ்த்ரி விஷயம் இப்போதைக்கு வேண்டாம்.

வணக்கத்துடன்,
பைமின்


கெடிரி
11 ஆகஸ்டு 1986

வாத்துகளின் சமையல்காரன் பைமினுக்கு,

அக்கா சலாம். உன் கடிதத்தை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். செங்கல் வந்த இடத்துல அவர் சிரிச்ச சிரிப்புல கட்டில் ஆடிப்போச்சு. பட்டப்பகல்ல கட்டில்ல எதுக்கு இருந்தார்னு கேக்காதே, வெயில் காலம்.

சிரிச்சது போதும். இப்ப கேளு. மூணு மாசம் வேடிக்கை பாத்தாச்சு. கறுப்புத் தண்ணியில டோஃபு வராது, அவ்வளவுதான். நம்ம தொழிலே தண்ணிதான்னு அப்பா சொன்னது உனக்கு மறந்துபோச்சா? வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒப்படைச்சுட்டு அடுத்த கப்பல்ல கிளம்பு. இங்கே ஷெட்டும் கிணறும் இருக்கு. சுலஸ்த்ரியும் இருக்கா, இன்னும் அமைதியாத்தான் இருக்கா.

அந்தத் தண்ணியைக் கொதிக்கவைக்காமக் குடிக்காதே. எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. சோயா ஆட்டுற ஆள் இன்னைக்கும் வரலை, கை ஓய்ஞ்சுபோச்சு.

பதில் உடனே போடு.

அக்கா


கெடிரி
15 செப்டம்பர் 1986

பைமின்,

சலாம். அஞ்சு வாரம் ஆச்சு. தபால்காரர் நம்ம தெருவுல நுழைஞ்சாலே நான் கை கழுவிட்டு வாசலுக்கு வந்துடுறேன். அவர் என்னைப் பாத்தாலே சைக்கிளைத் திருப்பிடுறார்.

கோவமா? சுலஸ்த்ரியைப் பத்தி இனிமே பேசலை. ரெண்டு வரி போதும். உயிரோட இருக்கேன்னு ஒரு வரி, சாப்பிட்டேன்னு ஒரு வரி.

அக்கா


எட்டாம் கால்வாய்
28 செப்டம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

சலாம். உயிரோடு இருக்கிறேன். சாப்பிட்டேன். இப்போது நலம் என்று எழுதினால் அது உண்மை, ஆனால் நடுவில் நலமாக இல்லை.

உன் ஆகஸ்டுக் கடிதம் கிடைத்ததும் நீ சொன்னதுதான் சரி என்று முடிவெடுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஜும்ராவிடம் சொன்னேன். "மாசக் கடைசிக் கப்பல்ல ஊருக்குப் போறேன். வாத்துக்கு வேற ஆள் பாத்துக்கோங்க." எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள், அன்று வாளியை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் நாள் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டுமில்லை, வரிசையில் பாதி வீட்டில் அதே கதை. மழையில்லாமல் கால்வாய் சுண்டிப்போய்விட்டது, எல்லா வீட்டுக் கழிவறையும் அந்தக் கால்வாய் மேல்தான். விறகை டோஃபு அடுப்புக்கு வைத்துக்கொண்டு குடிக்கிற தண்ணீரை வெதுவெதுப்பாக்கியதோடு விட்டிருந்தேன். திட்டாதே, வேண்டிய மட்டும் பட்டாகிவிட்டது. நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள், வாளி வரவில்லையே என்று ஜும்ரா படகை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு மார்னி அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே வந்து, என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினாள். அக்கா, அந்தத் தண்ணீருக்குள்ளே அந்தப் பக்கம் அவள் விரல் தெரிந்தது. நாலு விரலும் தெரிந்தது.

"இது என்ன தண்ணி?"

"குடிங்க. உப்பும் சர்க்கரையும் போட்டிருக்கேன்."

"மழைத் தண்ணியா?"

"ஆமா."

"மழை நின்னு ரெண்டரை மாசம் ஆச்சே."

டம்ளரை என் வாயருகே தள்ளினாள்.

"ஜும்ரா, எங்கேர்ந்து வந்துச்சு?"

"கால்வாய்லேர்ந்துதான். வேற எங்கேர்ந்து வரும்? எங்கப்பா படகுல ஊர் ஊராப் போயி நல்ல தண்ணி வித்தவர். தெளிய வைக்கத் தெரியாதா எனக்கு?"

"மூணு மாசமா நான் படுற பாட்டைப் பாத்துட்டுத்தானே இருந்தே?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. மூணு தலைமுறைன்னு சொன்னீங்க. நாலாவதா ஒரு வாத்துக்காரி எதுக்குன்னு இருந்துட்டேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வாத்தும் நல்லா கொழுத்துச்சு" என்றாள்.

டம்ளரை வீசியடிக்கக் கை ஓங்கினேன். தண்ணீர் வீணாகுமே என்று குடித்துவிட்டு மறுபடி ஓங்கினேன். கண்ணாடி என்ன பாவம் செய்தது என்று கீழே வைத்துவிட்டேன். மார்னி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நான் எழுந்து நடக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அது வரைக்கும் தினமும் அந்த டம்ளர் வந்தது. குடிக்க மட்டும் செய்தேன்.

நான் எழுந்த அன்று காலையில் படகு நிறையச் சாமானோடு வந்து நின்றாள். இரண்டு இரும்புப் பீப்பாய், ஆற்று மணல், சிரட்டைக் கரி, பனைநார், ஒரு கட்டிப் படிகாரம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, ஒரு கூடைக் களிமண்.

"டோஃபு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"பாலைத் திரிச்சு, துணியில வடிகட்டி..."

"தண்ணியையும் அப்படித்தான் திரிக்கணும். வாங்க."

ஒரு பீப்பாய் கால்வாய்த் தண்ணீரில் களிமண்ணைக் கரைத்தாள். புளிப்பு அடங்கச் சுண்ணாம்பு, பிறகு பொடித்த படிகாரம். முதலில் துடுப்பால் வேகவேகமாகக் கலக்கினாள். பிறகு தூளியை ஆட்டுவது போல மெதுவாக. அக்கா, என் கண் முன்னாலேயே தண்ணீர் திரிந்தது! பழுப்பெல்லாம் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து, நம் பாத்திரத்தில் டோஃபு சேர்வது மாதிரியே சேர்ந்து, கீழே இறங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து பாலைத் திரித்துக்கொண்டிருக்கிறேன், தண்ணீரையும் திரிக்கலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு அடுத்த பீப்பாயில் ஊற்றினோம். அதில் கூழாங்கல், மணல், கரி, நார். அடியில் மூங்கில் குழாய் வழியாக அந்த டம்ளர் தண்ணீர் வந்தது.

உடனே வாயில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "கண்ணுக்குத் தெளிஞ்சா போதுமா? உங்க ஐம்பது வீட்டுக் கழிவும் இதுலதான் இருக்கு. குடிக்கிறதுன்னா கொதிக்கணும். குமிழி விட்டுக் கொதிக்கணும், நீங்க கொதிக்கவெச்ச மாதிரி இல்லை."

மறுநாள் டோஃபு வெள்ளையாக வந்தது. நானே நம்பாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பத்து மணிக்குள் வரிசையில் எல்லாம் விற்றுவிட்டது. ஜும்ரா இரண்டு துண்டு வாங்கிப்போனாள், வீட்டுக்கு.

ஆனால் சில நாள் பால் திரியாமல் வழவழவென்று நிற்கிறது. சுண்ணாம்பு அதிகமா குறைவா தெரியவில்லை. ஜும்ரா நாக்கில் தொட்டுச் சொல்லிவிடுகிறாள். எனக்கு அந்த நாக்கு இல்லை.

மூன்று மாசம், அக்கா! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீயே சொல், இப்படியும் ஒரு பெண் இருப்பாளா? கப்பல் போய்விட்டது. அடுத்ததைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மாமாவுக்கு சலாம்.

பைமின்


கெடிரி
20 அக்டோபர் 1986

தம்பி பைமினுக்கு,

அக்கா சலாம். நீ படுத்து எழுந்ததைப் படிச்சு அழுதேன். அப்புறம் டம்ளரை ஓங்கின இடத்துல சிரிச்சேன். மாமாவும் அதே மாதிரி.

முதல்ல தொழில். சுண்ணாம்புக்கு நாக்கு எதுக்கு? மஞ்சள் டோஃபு போட்ட கைதானே உனக்கு? வெள்ளைத் துணியை மஞ்சள்ல நனைச்சுக் காயவெச்சுக்கோ. ஒரு துண்டு கிழிச்சுத் தண்ணியில நனை. மஞ்சளாவே இருந்தா சரி. சிவந்துச்சுன்னா சுண்ணாம்பு கூடிப்போச்சு. வெத்திலை போடுறவங்க விரல்ல மஞ்சள் பட்டா சிவக்குமே, பாத்ததில்லையா? இது தெரியாம மூணு தலைமுறைன்னு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு அலையுறே.

அடுத்தது. உன் கடிதத்துல அந்தப் பொண்ணு இல்லாத இடம் ஒண்ணே ஒண்ணுதான், எனக்கு சலாம் சொன்ன இடம். கோவத்தையெல்லாம் ஓரமா வெச்சுட்டு யோசிச்சுப் பாரு. நீ தோத்துக்கிட்டே இருந்தா அவ வாத்துக்கு நல்லது. நீ ஊருக்குப் போயிட்டாலும் அவளுக்கு வேற தவிடு கிடைக்கும். உனக்குத் தண்ணி தெளிஞ்சா மட்டும்தான் அவளுக்கு நஷ்டம். அப்புறம் எதுக்குடா படகு நிறைய மணல் ஏத்திக்கிட்டு வந்தா? மணல் கனமாச்சே.

அவளுக்கு என்ன வயசு? கல்யாணம் ஆனவளா? வீட்ல யார் இருக்காங்க? இதையெல்லாம் நீ எழுதவே இல்லை. மூங்கில் குழாயைப் பத்தி எழுதியிருக்கே.

சுலஸ்த்ரிக்கு வேற இடம் பாத்துட்டாங்க. நான்தான் பாக்கச் சொன்னேன்.

கப்பலைப் பத்தி அவசரப்பட வேண்டாம். ஷெட்டு நடக்குது.

அக்கா


எட்டாம் கால்வாய்
16 நவம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

சலாம். முதலில் நல்ல சேதி. மஞ்சள் துணி பலித்துவிட்டது. கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஜும்ரா முதலில், "தண்ணிக்கு ஜுரம் பாக்குறீங்களா?" என்று சிரித்தாள். ஒரு நாள் அவள் நாக்கு சரி என்று சொன்னதைத் துணி சிவந்து தப்பு என்றது. டோஃபு அன்று சேரவில்லை. அதிலிருந்து அவள் வீட்டிலும் இரண்டு கீற்று தொங்குகிறது.

மார்னி அம்மாள் வீட்டில் பீப்பாய் வைத்தோம், பிறகு வரிசையாக இருபத்திரண்டு வீட்டில். பழைய பீப்பாய் கிடைக்காதவர்கள் மண்பானையில் செய்திருக்கிறார்கள். சுகாதார உதவியாளர் வந்து பார்த்துவிட்டு, கொதிக்கவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். கழிவறைகளையும் கால்வாயிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறார், பாதிப் பேர் ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாதம் வரிசையில் ஒரு குழந்தைக்கும் வயிறு கெடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை மறுபடி வெள்ளையாகிவிட்டது. ஜும்ரா கரையில் உட்கார்ந்து, "இப்ப உங்க மூஞ்சிதான் பழுப்பு" என்கிறாள். வாத்துகளுக்கு இப்போது சோயாச் சக்கை மட்டும்தான். என்னைக் கண்டால் முறைக்கின்றன.

இனி கெட்ட சேதி. அது எனக்கில்லை, உனக்கு. போன வாரம் புதிதாக வந்த குடும்பங்களில் நம் ஊர் சைக்கிள் கடை ரெஜோ இருக்கிறார். வந்ததும், "உங்க மாமா கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். எந்தக் கால் என்றேன். நான் கிளம்பிய மாதமே மாமா டோஃபு ஏற்றிய சைக்கிளோடு பாலத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆறு மாதமாகக் கட்டிலில் இருக்கிறாராம். நீ ஒருத்தியாகவே ஆட்டி, காய்ச்சி, சந்தைக்கும் தூக்கிக்கொண்டு போகிறாயாம். அக்கா, என்னைப் புளுகன் என்று எழுதினாயே! ரேடியோ, வெயில் காலம், கோணல் எழுத்து! என்னைக் கூப்பிட்டாய், ஏன் கூப்பிட்டாய் என்று சொல்லவில்லை. தண்ணீர் தெளிந்ததும் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாய்.

டிசம்பர்க் கப்பலில் வருகிறேன். முடிவு செய்தாயிற்று. ஜும்ராவிடம் சொன்னேன். "போங்க. போகத்தான் வேணும்" என்றாள். மறுநாள் மாமாவுக்கென்று நாற்பது உப்பு முட்டை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, படகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமாவை அசையாமல் இருக்கச் சொல்.

பைமின்


கெடிரி
5 டிசம்பர் 1986

பைமினுக்கு,

சலாம். நீ கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி இது வந்து சேரணுமேன்னு விரைவுத் தபால்ல போடுறேன்.

வராதே. முட்டையை மட்டும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பு.

மாமா கோல் ஊன்றி நடக்குறார். நேத்து கிணத்தடி வரைக்கும் போயிட்டு வந்து, நடந்ததை ரேடியோவுல சொல்லலையேன்னு குறைப்பட்டார். ஷெட்டுக்கு ரெண்டு பொம்பளைங்களை வேலைக்கு வெச்சுட்டேன். கெட்டிக்காரிங்க. நீ இருந்தப்ப நடந்ததைவிட ஷெட்டு நல்லா நடக்குது, சொன்னா உனக்குக் கோவம் வரும்.

ஏன் சொல்லலைன்னு கேட்டே. கூப்பிட்டா வந்துடுவேன்னு தெரியும். முதல்ல நீ அங்கே கெட்டுக்கிட்டு இருந்தே, அதனால வான்னேன். அப்புறம் நீ அங்கே நல்லா இருந்தே. நல்லா இருக்கிறவனை எதுக்கு இழுக்கணும்? நீ வாத்தை மறைச்சே, நான் காலை மறைச்சேன். கணக்கு சரியாப்போச்சு, இனிமே ரெண்டு பேரும் பேச வேண்டாம்.

நான் கேட்ட கேள்வி ஒண்ணுக்கும் நீ பதில் எழுதலை. பரவாயில்லை. உள்ளே ஒட்டின கவர் ஒண்ணு இருக்கு. அது உனக்கில்லை. ஜும்ரா கையில குடு. பிரிச்சுப் பாத்தே, நீ எனக்குத் தம்பியே இல்லை.

மாமா ஆசீர்வாதம்.

அக்கா


எட்டாம் கால்வாய், எதிர்க்கரை
2 ஜனவரி 1987

பெரியவங்க வர்த்தினி அக்காவுக்கு,

முகம் தெரியாத ஜும்ராவோட சலாம். உங்க வீட்டுக்காரர் கால் நல்லபடியாகணும்னு தினமும் துவா கேக்குறேன். நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். முட்டையை, கெடிரிக்குத் திரும்பி வர்ற ரெஜோவோட அண்ணன் கொண்டுவரார். உங்க தம்பி கப்பல் ஏறலை. இங்கேதான் இருக்கார், நல்லா சாப்பிடுறார்.

உங்க கவரை அவர் பிரிக்கலை. ஆனா நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் படகுலயே உக்காந்திருந்தார். "என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டார். "வாத்து வளக்குறது எப்படின்னு கேட்டிருக்காங்க"ன்னு சொன்னேன். நம்பலை.

நீங்க ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க. என் தம்பி உனக்கு வேணுமாங்கிறது முதல் கேள்வி. அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். அவர் எழுதியிருக்கமாட்டார். நான் விதவை, அக்கா. அஞ்சு வருஷம் ஆச்சு. குழந்தை இல்லை. உங்க தம்பியைவிட ரெண்டு வயசு மூத்தவ. இது உங்களுக்கு சம்மதம்னா என் பதில், வேணும். சம்மதம் இல்லைன்னாலும் பதில் அதுதான், ஆனா வெளியில சொல்லமாட்டேன். அவர் இன்னும் என்கிட்ட கேக்கலை. கேக்கத்தான் வரார்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். வந்து, வாத்துக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடுறார். முறையாப் பேசணும்னா அலாபியோவுல என் தாய்மாமா இருக்கார், விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

ரெண்டாவது கேள்வி, ஏன் மூணு மாசம் சொல்லலை. அவர்கிட்ட வாத்துக்காகன்னு சொன்னேன். முதல் மாசம் அது நிஜம். பெருமை பேசுற ஜாவாக்காரர்தானே, படட்டும்னு கொஞ்சம் குறும்பும் இருந்துச்சு. அப்புறம் அப்படி இல்லை. சாயங்காலம் ஆனா எதிர்க்கரையில வாளியை எடுத்துக்கிட்டு அவர் படகுல ஏறுறது தெரியும். வந்து உக்காந்து, இன்னைக்கு ஏன் கட்டி சேரலை, நாளைக்கு எப்படி சேரப்போகுதுன்னு ஒரு மணி நேரம் சொல்வார். அஞ்சு வருஷமா இந்த வீட்ல வாத்துச் சத்தம் மட்டும்தான் இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிடணும்னு தினமும் நினைப்பேன். தண்ணி தெளிஞ்சுட்டா வாளி வராதேன்னு தோணும். சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்.

அது தப்பு, அக்கா. அவர் எழுந்திருக்க முடியாமக் கிடந்ததைப் பாத்தப்பதான் எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்சுது. வரிசையில குழந்தைங்களும் படுத்தாங்க. அதை நினைச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது. அதனாலதான் ஒவ்வொரு வீட்டுப் பீப்பாய்க்கும் மணலை நானே அலசிக் குடுத்தேன். இதை நான் அவர்கிட்ட சொல்லலை. நீங்க சொல்லணும்னு நினைச்சா சொல்லுங்க. இப்பவே தலைக்கனம் ஜாஸ்தி, பாத்துச் சொல்லுங்க.

சக்கையை இப்பல்லாம் விடியறப்ப நானே போய் எடுத்துட்டு வந்துடுறேன். சாயங்காலம் அவருக்கு இந்தக் கரையில ஒரு வேலையும் கிடையாது. வெறுங்கையை வீசிக்கிட்டு வரார்.

உங்க பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஜும்ரா